குக்கர் விசிலும் ஒரு விமர்சகரும்

அவர் இறந்த செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஆடியோ பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய காதுகளுக்குத்தான் அஞ்சலி. தங்கக் காது, தெய்வக் காது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்தக் காதை ஏமாற்றியவள் நான். அதை நானே சொன்னால்தான் உண்டு.

விலையுயர்ந்த ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பார்த்து இணையத்தில் விமர்சனம் எழுதுவார். 'உயிரில்லை' என்று அவர் எழுதிவிட்டால் போதும், ஆசை ஆசையாக வாங்கியவர்கூட மறுநாளே அதைத் தள்ளிவிட ஆள் தேடுவார். நானோ ஐடி வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூரில் ஒரு ஷெட் பிடித்து ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தேன். உள்ளூர்ப் பெட்டி, அதுவும் ஒரு பொம்பளை செய்தது என்றால் எவன் வாங்குவான்? தீபாவளிக்குள் வழி பிறக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். என் கணவரைக் குறை சொல்ல மாட்டேன், அதுவரை பொறுத்ததே பெரிய விஷயம். மிச்சமிருந்த ஒரே வழி, விமர்சகரின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி யானை வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு முகப்பேரில் அவருடைய ஃபிளாட்டுக்குப் போனேன். டிரைவரும் நானும் மாடிப்படியில் மூச்சு வாங்கத் தூக்கினோம். "இன்னா மேடம், உள்ள கல்லு வெச்சிக்கீறியா?" என்றார் டிரைவர்.

விமர்சகர் பாட்டுப் போட்டுக் கேட்க மாட்டார். துடைப்பம், வாளியில் விழும் தண்ணீர், அடுப்படி என்று தன் வீட்டுச் சத்தங்களைத் தானே பதிவுசெய்து வைத்திருந்தார். பாடகர் குரல் நேரில் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாது, தன் வீட்டு வாளி தெரியும் என்பது அவர் கட்சி. எனக்கு எரிச்சலாக வந்தாலும் மறுத்துப் பேச முடியவில்லை. இன்னொரு பழக்கமும் ஊரறிந்தது. பிடிக்காவிட்டால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார், அதோடு கதை முடிந்தது.

அவருடைய மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடும்படி அவரிடம் சொல்லிவிட்டுக் காய் வாங்கக் கீழே போனார். விமர்சகர் கண்ணை மூடி உட்கார்ந்தார். துடைப்பம் கேட்டது, தண்ணீர் கேட்டது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுத்துப் பதிவில் குக்கர் விசில் வந்தது. மூன்றாவது விசிலுக்கு எழுந்தவர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. இத்தனை நாள் உழைப்பு, முழுசாக உட்கார்ந்து கேட்கக்கூட முடியாதா இந்த மனிதருக்கு? ஒயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தேன்.

வெளியே வந்தவர், ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார். நீங்கள்தான் எழுந்து போய்விட்டீர்களே என்றேன் வெடுக்கென்று.

"அடுப்பை அணைக்கப் போனேம்மா. மூணு விசில் வந்துடுச்சே."

நான் ஒயரைக் கீழே போட்டேன்.

"சார், அது என் பெட்டியிலேர்ந்து வந்த விசில்."

அவர் மறுபடி அடுப்படிக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். குக்கரில் ஆவி பிடிக்கவே இல்லை. அவர் மெதுவாக வெயிட்டை எடுத்தார், ஒரு சத்தமும் வரவில்லை. மூடியைத் திறந்தால் அரிசி அரிசியாகவே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை. அந்த அடுப்படியிலேயே ஆடியிருப்பேன், மரியாதைக்காக நின்றேன்.

இதை அவர் அமுக்கியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு வரி விடாமல் எழுதினார், மனைவியிடம் வாங்கிய திட்டு உட்பட. தங்கக் காது என்கிறார்களே, என்னைக் கேட்டால் அவருடைய கைதான் தங்கம்.

தீபாவளிக்கு முன்பே ஷெட்டில் நிற்க இடமில்லாமல் வேலை சேர்ந்துவிட்டது. பழைய ஆபீஸிலிருந்து போன் செய்து, எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று கேட்டார்கள். போனை என் கணவர்தான் எடுத்தார்.

"அவங்க வரமாட்டாங்க சார்," என்றார், பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டே. "நானே இங்கதான் வேலை பாக்கறேன்."