ஆறு வருடத்தை ஒளித்த விண்ணப்பம்

எங்கள் சனம் பல்கலைக்கழகம், எங்கள் வாயில் கம்பஸ், தெரிவு செய்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். என்ன படிப்பு, எத்தனை வருடம், முடித்தால் வேலை கிடைக்குமா என்பதெல்லாம் பிறகு. கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவர் "எங்க படிக்கிறா?" என்று கேட்டால், ஒரு பேரைச் சொல்லி அவர் வாயை அடைக்க முடியுமா? அதுதான் முதல் தகுதி. அந்தப் பேர் அவருக்குத் தெரிந்ததாக இருக்கவேண்டும். தெரியாத பேரைச் சொன்னால் "ஆ, அப்படியும் ஒண்டு இருக்கோ" என்று இழுப்பார். அந்த இழுப்புக்குப் பயந்து பிடிக்காத படிப்பில் விழுந்து கிடக்கிற பிள்ளைகள் எத்தனையோ.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் முப்பத்தெட்டு வயதில் நானே அந்த வரிசையில் போய் நின்றேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவள். கலியாணம் கட்டி லண்டன் வந்த பிறகு அந்தப் பட்டம் கட்டிலுக்குக் கீழே ஒரு கோப்பில் கிடந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கெயார் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது போனவர்களைக் குளிப்பாட்டுவது, பம்பர்ஸ் மாற்றுவது, வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கரண்டியால் ஊட்டுவது. ஆறு வருடம் செய்தேன். நல்லாகவே செய்தேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அப்போது கூச்சமிருந்தது. வேலை முடிந்ததும் யூனிபோமைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவேன். ஆரும் கேட்டால் ஹொஸ்பிட்டலோடு சேர்ந்த ஒஃபிஸ் வேலை என்பேன். கணவருக்கு உண்மை தெரியும். அவரும் அந்த ஒஃபிஸைத்தான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். என் பதவியைக் கொஞ்சம் உயர்த்தியும் வைத்திருந்தார்.

ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர்கள் மூன்று வருட நேர்ஸிங் படிப்பை இரண்டே வருடத்தில் முடிக்க இங்கே வழி இருக்கிறது என்று எங்கள் ஹோம் மனேஜர்தான் சொன்னார். கழித்துவிடுகிற அந்த ஒரு வருடத்துக்கு ஈடாக, ஆட்களைப் பராமரித்த மணித்தியாலங்களைக் கையெழுத்தோடு காட்டவேண்டும். ஒளித்து ஒளித்துச் செய்த வேலைக்கு இந்த நாட்டில் ஒரு கம்பஸ் ஒரு முழு வருடத்தை மதிப்பாகக் கொடுக்கிறது. எனக்கு நேர்ஸ் ஆக வேண்டும் என்பதைவிட அந்த ஆறு வருடம் எங்காவது ஓரிடத்தில் செல்லுபடியாக வேண்டும் என்ற வெறிதான் அதிகம் இருந்தது.

அப்படி வெறி பிடித்தவள் என்ன செய்தாள்? நேரே மாஸ்டரிடம் போனாள்.

மாஸ்டர் அப்டன் பார்க்கில் ஒரு சீலைக்கடைக்கு மேலே ரியூஷன் வைத்திருப்பவர். கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிப்பார். ஆனால் அவருடைய உண்மையான தொழில் கம்பஸ் விண்ணப்பத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. "ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறேன்" என்று பிள்ளை தன் கையால் எழுதவேண்டியதை இவர் எழுதுவார். எல்லாப் பிள்ளைக்கும் சிறுவயதிலிருந்தே தணியாத ஆர்வம் இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் நோயில் விழுந்த ஒரு மாமா இருப்பார். கிழக்கு லண்டனில் மாஸ்டரால் மட்டும் படுக்கையில் விழுந்த மாமாக்களுக்கு ஒரு தனி வார்டே கட்டலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாஸ்டருடைய தாய் எங்கள் ஹோமில்தான் இருந்தா. ஞாயிறு பின்னேரங்களில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வருவார். முதல் தடவை என்னை யூனிபோமில் கண்டபோது இருவருமே சிலையாகி நின்றோம். பிறகு ஒரு வார்த்தை பேசாமலே உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் என்னைக் காணவில்லை, நான் அவரைக் காணவில்லை. ஊருக்கு அவர் சொல்லி வைத்த கதை, அம்மா கனடாவில் தங்கச்சியோடு இருக்கிறா என்பது. கனடாக் குளிர் அவவுக்கு ஒத்துவரவில்லையாம் என்று கோயிலில் கவலைப்பட்டுக்கொண்டு நின்றதை நானே கேட்டேன். அன்று காலை அவவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு வந்தவள் நான். அந்த அம்மா இப்போது இல்லை, ஆருடைய பேரும் போடாமல்தான் இதை எழுதுகிறேன்.

மாஸ்டர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். கெயார் ஹோம் என்ற இடத்தில் பேனை நின்றது.

"தங்கச்சி, இதை எடுத்துவிடுவம். ஆக்களைக் கழுவித் துடைச்ச கதையைப் பெரிய கம்பஸ்காரன் பாத்தா மதிக்கமாட்டான். ஊரில லாப்பில வேலை செய்ததெண்டு போடுவம்."

அவருக்கு என் மதிப்பைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்த ஹோமின் பேர் தன் கையால் ஒரு கடிதத்தில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் "ஓம் மாஸ்டர்" என்று தலையாட்டினேன். நேர்ஸ் வேலைக்குப் படிக்கக் கேட்டுப் போகிற விண்ணப்பத்தில், நோயாளியைத் தொட்டதே இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறெவரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். மற்றவர்கள் தங்களிடம் இல்லாத அனுபவத்தை உண்டாக்குவார்கள். நாங்கள் இருப்பதை அழிப்போம்.

நான்கு இடத்துக்குப் போட்டேன். இரண்டு இடத்திலிருந்து பராமரிப்பு அனுபவம் இல்லை என்று உடனே மறுத்துவிட்டார்கள். மூன்றாவது இடம், நகரத்தின் நடுவில் இருக்கிற பேர்போன கம்பஸ். பட்டத்தில் நான் எடுத்த புள்ளிகள் அவர்களுக்குப் பிடித்திருந்தன. இரண்டு வருடப் படிப்புக்குத் தகுதி இல்லை, விரும்பினால் மூன்று வருடத்துக்கு வாருங்கள் என்று இடம் தந்தார்கள். நான்காவது, நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன இடம். அவர்கள் மட்டும், பராமரிப்பு அனுபவம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று இரண்டு வருடத்துக்கே நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

இரண்டு வருடமா என்று முன்பு மூக்கால் அழுத என் கணவர் அந்தப் பேர்போன கடிதத்தைக் கண்டதும் வேறு மனிதர் ஆகிவிட்டார். மோர்டனில் இருக்கிற தன் தமையனுக்கு அன்றே அறிவித்துவிட்டார்.

"மூண்டு வருசமெண்டால் என்ன, நீர் இதுக்கே போம். மற்றதின்ர பேரை ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

என் கால் நோவையும் முதுகு நோவையும் ஆறு வருடம் பார்த்த மனுசன். அதற்கு ஒரு வருடம் கழிவு தருகிறோம் என்று ஒருவன் கூப்பிடுகிறான். இவருக்குப் பிரச்சினை பேர். அன்று அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. போய்க் கறிக்கு வெங்காயம் வெட்டினேன்.

அந்தச் சின்ன இடத்து நேர்முகத்தில் இருந்தவ கரீபியன் வம்சத்துப் பெண்மணி, முப்பது வருடம் வார்டில் நின்றவ என்று அந்த இருப்பிலேயே தெரிந்தது. உன் பராமரிப்பில் இருந்த ஒருவரை நீ கைவிட்ட சந்தர்ப்பம் ஒன்றைச் சொல் என்று கேட்டா. ஆய்வுகூட லாப் கதை நாக்கு நுனியில் இருந்தது. மாஸ்டர் சொல்லித் தந்தபடி கண்ணாடிக் குழாயைப் பற்றி ஏதோ பிதற்றலாம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் வேறொரு இடத்தில் குத்தியது.

ஒருநாள் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் தகப்பனுக்கு இடம் பார்க்க எங்கள் ஹோமுக்கு வந்தது. மனேஜர் அவர்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கழுவவேண்டிய துணிகளோடு நடையில் வந்தேன். மாஸ்டருடைய தாய் கதவடியில் கதிரையில் இருந்தபடி, "பிள்ளை, ஒண்டுக்கு வருது, என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று தமிழில் கூப்பிட்டா. திரும்பினால் நான் தமிழ் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் திரும்பவில்லை. துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவர்கள் போனபிறகு வந்து பார்த்தேன். அவ நனைந்துபோய் இருந்தா. என்னைப் பார்த்து, "கூப்பிட்டனான், உனக்குக் கேக்கேல்லைப் போல" என்று எனக்காக ஒரு சாக்குப்போக்கையும் அவவே சொன்னா.

ஆறு வருட வேலையையும் சொல்லி, அவவின் பேரை மட்டும் விட்டுவிட்டு இதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண்மணி என் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தா. ஆறு வருட வேலையை எங்களிடமே ஒளித்திருக்கிறாய், நாளைக்குப் பிழையான மருந்தைக் கொடுத்துவிட்டு அதையும் ஒளிப்பாயா என்று கேட்டா. ஒளிக்கமாட்டேன் என்றேன். நம்புவதற்கு எனக்குக் கடதாசி வேண்டும் என்றா. மணித்தியாலங்களுக்கு மனேஜரின் கையெழுத்து, அதோடு என் பொறுப்பில் இருந்த ஒருவரோ அவருடைய உறவினரோ என்னைப் பற்றி எழுதிய ஒரு பக்கம். இரண்டு கிழமை அவகாசம் தந்தா.

மனேஜர் ஒரே இருப்பில் கையெழுத்து வைத்தார். மற்றதுதான் சிக்கல். அப்போது என் தனிப்பொறுப்பில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அந்த மாதம்தான் போய்ச் சேர்ந்திருந்தார், அவருடைய வீட்டாரிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கு உலகத்தில் உறவென்று ஒருவரும் இல்லை, பேச்சும் இல்லை. மூன்றாவது மாஸ்டருடைய தாய். தன் பேரையே சில நாட்களில் மறந்துவிடுகிற அவவால் எழுத முடியாது, உறவென்று வந்துபோவது மாஸ்டர் ஒருவர்தான்.

அதற்கிடையில் பேர்போன கம்பஸ் பதில் கேட்ட நாள் வந்தது. கணவர் பக்கத்தில் நிற்கவே, வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். பொய்யைப் பார்த்துத் தந்த இடம் எனக்கு வேண்டாம். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. ஆனால் அதன்பிறகு என் கையில் மிஞ்சியது மாஸ்டர் எழுதவேண்டிய அந்த ஒரு பக்கம் மட்டும்தான். அது இல்லாவிட்டால் எந்த இடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹோமில் வைத்து அந்தப் படிவத்தை மாஸ்டரிடம் கொடுத்தேன். வாங்கித் தொப்பிக்குள் ஒளிக்காத குறையாகப் பையில் வைத்தார். சனிக்கிழமை ரியூஷனுக்கு வந்து எடுக்கச் சொன்னார். காலை ஷிப்ட் முடிந்து நேரே போனேன். ஒரு மேசையைச் சுற்றித் தாய் தகப்பன்மார் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார்கள். மாஸ்டர் மடித்த தாளை நீட்டினார். திறந்து பார்த்தேன். பக்கம் நிறைய எழுதியிருந்தார். தணியாத ஆர்வம், எல்லையற்ற கருணை, அப்படியே மாமாக்களின் வார்டிலிருந்து தூக்கி வந்த வசனங்கள். கீழே, பராமரிக்கப்படுபவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற கட்டத்தில், குடும்ப நண்பர் என்று போட்டிருந்தார்.

பெற்ற தாய்க்குக் குடும்ப நண்பர். இவ்வளவு கேவலமான ஒரு எழுத்தை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. தாளை அவர் முன்னால் திருப்பி வைத்தேன்.

"உறவைச் சரியா எழுதுங்கோ மாஸ்டர்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, என்னைச் சொல்லுறியள். நீங்கள் ஆருக்காவது சொன்னனீங்களோ? இப்பவும் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதானே வந்து நிக்கிறியள்."

உண்மைதான். கோட்டுக்குள் யூனிபோம். அவசரத்தில் மாற்றவில்லை, ஆனால் பூட்ட மறக்கவில்லை. அவரைப் பார்த்து நான் மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்த அத்தனையும் என் முகத்திலும் கிடந்தது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தெரு.

"நான் ஆறு வருசமா கெயார் ஹோமில வேலை செய்யிறன். வயசு போன ஆக்களைக் கழுவித் துடைக்கிற வேலை. அதுக்குத்தான் மாஸ்டர் எழுதித் தாறார்," என்றேன்.

ஒரு தாய் கைப்பையைத் திறந்து மூடினா. இந்த அமைதிக்கா ஆறு வருடம் பயந்தேன் என்று என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. தாளைப் பறிக்காத குறையாக இழுத்து, எழுதியிருந்ததை வெட்டி, மகன் என்று எழுதினார். பேனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே சீலைக்கடை வாசலில் வைத்துத்தான் மாஸ்டருடைய அந்தப் பயம் எனக்கு விளங்கியது. அடுத்த வசனத்தையும் நான் சொல்லிவிடுவேன் என்று மனுசன் நினைத்திருக்கிறார். உங்கள் தாயைத்தான் கழுவுகிறேன் என்பதை. அந்தச் சபையில் வைத்து நான் அதைச் சொல்லியிருக்கமாட்டேன். என் பொறுப்பில் இருக்கிறவர்களின் விசயம் என் வாயால் வெளியே போகாது, அது வேலையின் முதல் பாடம். நோயாளியின் இரகசியத்தை உயிரினும் மேலாகக் காப்பேன் என்று எங்கள் எல்லாருடைய கடிதத்திலும் மாஸ்டர் தவறாமல் எழுதுவார். அதை உண்மையிலேயே ஒருத்தி செய்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.