எந்த ஷாஃப்டில் வேலை?

நோயாளியோடு கூடப் போகிறவரை ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டர் என்பார்கள். சம்பளம் இல்லாத, லீவு இல்லாத, ராஜினாமா செய்ய முடியாத உத்தியோகம் அது. நான் ஒன்றரை வருடம் பார்த்தேன். உங்கள் வீட்டு பீரோவின் மேலும் ஒரு எக்ஸ்ரே கவர் வளைந்து கிடக்கிறதென்றால், பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்க உங்களுக்கும் வருமென்றால், நீங்களும் என் சங்கத்து ஆள்தான். மேலே படியுங்கள்.

எனக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. பெங்களூர் வாடகை கட்டுப்படியாகவில்லை. திண்டிவனத்தில் தனியாக இருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோலார் தங்க வயலுக்குக் குடிவந்தேன். அங்கே கோரமண்டல் என்ற பகுதியில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒரு வீடு. காலையில் ரயிலேறினால் ஆபீஸ். ஊர் முழுக்கத் தமிழ். அப்பாவுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. தண்ணீர் எந்தெந்த நாளில் வரும் என்பதுவரை விசாரித்துத்தான் வந்தேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே போவது என்று மட்டும் விசாரிக்கவில்லை. வந்த மூன்றாம் மாதம் அப்பா இருமத் தொடங்கினார்.

பெரிய ஆஸ்பத்திரி

ஒரு வாரம் கஷாயம் வைத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஆட்டோ பிடித்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். எந்த ஊரிலும் செல்லுபடியாகும் வாக்கியம் என்று நினைப்பு. அவரும் மறுபேச்சில்லாமல் ஓட்டினார். ஆட்டோ நின்ற இடத்தில் நீளமான பழைய கட்டடம், துருப்பிடித்த கேட், அதில் ஒரு பூட்டு. சுரங்கக் கம்பெனி நடத்திய ஆஸ்பத்திரியாம். சுரங்கம் மூடியதோடு அதுவும் போயிற்று.

அப்பா ஆட்டோவுக்குள் இருமிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தும் ஏன் கூட்டிவந்தீர்கள் என்று சண்டைக்கே போனேன். டிரைவர் கொஞ்சமும் அசரவில்லை. "எங்களுக்கு அதாம்மா பெரிய ஆஸ்பத்திரி. நான் பொறந்ததே அங்கதான். தொறந்து கீற ஆஸ்பத்திரி வேணும்னா அத மொதல்லயே சொல்லணும் இல்ல?"

பெஞ்சு வைத்தியம்

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளினிக். அப்பா வாசலில் பீடியை அணைத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். உட்கார்ந்து இரண்டு தடவைதான் இருமியிருப்பார். பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எந்த ஷாஃப்ட்?" என்று கேட்டார் பக்கத்திலிருந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்கு ஷாஃப்ட் என்று பெயர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா, "நான் டெய்லருங்க. நாப்பது வருஷமா மெஷின் மிதிச்சேன்" என்றார். அவர் ஏதோ ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர் போல எல்லோரும் தலையாட்டினார்கள்.

டாக்டர் வயதானவர், நல்லவர். ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாறைத் தூசி, நுரையீரலில் படிந்தது படிந்ததுதான். ஒரு சிரப், ஒரு இன்ஹேலர். அப்பா சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று நான் விடாமல் சொன்னேன். அவர் பரிவோடு என்னைப் பார்த்தார். "இந்த ஊர்ல இந்த வயசுல இந்த இருமல் இருமறவங்க எல்லாரும் கீழ எறங்கினவங்கதாம்மா. செல பேரு வீட்ல சொல்லியிருக்க மாட்டாங்க, அவ்ளோதான்."

லெட்டர்

சிரப் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. அப்பாவின் சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். பெங்களூரில் ஒரு பெரிய மார்பு நோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு டாக்டர் பெயர் சொன்னார்கள். எல்லா டாக்டரும் கைராசிக்காரர்கள். ஆனால் நேராகப் போய் நின்றால் பார்க்க மாட்டார்களாம். உள்ளூர் டாக்டரின் லெட்டர் வேண்டும் என்று கவுன்டரில் திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பி வந்து கிளினிக் டாக்டரிடம் லெட்டர் கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. அவர் பேனாவையே திறக்கவில்லை. "தூசிக்கு இங்க இல்லாத மருந்து பெங்களூர்ல மட்டும் இருக்குதா? வயசானவர எதுக்கும்மா ரயில்ல அலைக்கழிக்கற?"

ஒத்திகை

பக்கத்து வீட்டு சாமுவேல் அங்கிள் நிஜமாகவே கீழே இறங்கியவர். அவருக்கும் அந்த இருமல் உண்டு. சாயங்காலங்களில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இருமியபடி செஸ் ஆடுவார்கள். அவர்தான் வழி சொன்னார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்காக மாதம் ஒரு தடவை ஸ்கூல் கட்டடத்தில் முகாம் நடக்கும். எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவைப்பட்டால் அங்கேயே பெங்களூருக்கு லெட்டர் எழுதித் தருவார்கள். பாதிப் பேரிடம் கம்பெனி பேப்பர் இல்லாததால் வாய்வார்த்தையே போதும்.

அன்றைக்கே பாடம் ஆரம்பமானது. "ஷாஃப்ட் கேட்டா என் ஷாஃப்ட் பேரு சொல்லு. ஷிப்ட் கேட்டா செகண்டு ஷிப்ட். வேலை டிரில்லிங்." அப்பாவுக்கு ஒரே குஷி; பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தடுத்திருக்க வேண்டியவள் நான். தடுக்கவில்லை, இருபத்திரண்டு வருடம் சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், வயதுக்குப் பொருந்தும் என்று எடுத்துக் கொடுத்தேன். சாமுவேல் அங்கிள் கடைசியாக ஒன்று சேர்த்தார். "கேஜ், அதான் ஆளுங்கள கீழ எறக்கற லிஃப்டு, அது எறங்கும்போது காது அடைக்கும்னு சொல்லு, மறக்காத. அது சொல்லிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

நூற்றுக்கு நூறு

முகாமில் அப்பா எதையும் மறக்கவில்லை. காது அடைத்தது, வியர்வையில் பனியன் பிழியப் பிழிய ஏறி வந்தது, ஒரு தடவை கல் சரிந்தது என்று கேட்காததையெல்லாம் சொன்னார். இளம் டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு நிழல். இருபத்திரண்டு வருடம் டிரில்லிங் செய்தவருக்கு அது இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஃபைலின் முதல் பக்கத்தில் தொழில், வருடம், நோய் மூன்றும் ஏறின. லெட்டர் கைக்கு வந்தது.

எனக்கு ஸ்கூல் வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க அப்பா மாதிரி தெளிவா சொல்ற பேஷண்ட் எங்களுக்குக் கெடைக்கறதே இல்ல மேடம்."

முதல் பக்கம்

பெங்களூரில் ஒவ்வொரு மாதமும் அந்த முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அப்பாவைப் பார்த்தார்கள். இன்ஹேலர் மாறியது, மாத்திரையின் நிறம் மாறியது. எடை குறைகிறது என்றேன். தூசி நோயில் குறையும் என்றார்கள். ஏழு மாதம் போனது. நிஜத்தைச் சொன்னால் லெட்டர் செல்லாது, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஏழு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். துப்பியதில் ரத்தம் வந்த பிறகுதான் ஸ்கேன், பிறகு சதைப் பரிசோதனை. புற்றுநோய். கல்லீரல்வரை போய்விட்டது.

முதல் நாளிலிருந்து பார்த்துவந்த டாக்டரம்மாதான் என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். ரிப்போர்ட்டில் எழுத, கீழே எத்தனை வருடம் வேலை செய்தார் என்று மறுபடி கேட்டார். என்னால் மறுபடி பொய் சொல்ல முடியவில்லை. ஒரு நாள்கூட இல்லை டாக்டர், அவர் டெய்லர், நாற்பது வருடமும் வாயில் பீடியோடு மெஷின் மிதித்தவர் என்று கொட்டிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த நிழல தூசின்னு விட்டுட்டேம்மா. டெய்லர்னு சொல்லியிருந்தா மொதல் நாளே ஸ்கேன் எடுத்திருப்பேன்."

செகண்டு ஷிப்ட்

அப்பா மூன்று மாதம் இருந்தார். டாக்டரம்மா சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. சாமுவேல் அங்கிளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அப்பாவைக் கிடத்தியிருந்த அறைக்குள் அவர் வரவே இல்லை. வாசலிலேயே செஸ் போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லைன் வீடுகளிலிருந்து பழைய சுரங்கத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து மாலை போட்டார்கள். ஊருக்கே வந்து இரண்டு வருடம் ஆகாத ஒரு டெய்லருக்கு இத்தனை மாலையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகாமில் அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டார். "செகண்டு ஷிப்ட்ல நானும் அவரும் ஒரே கேஜ்லதாம்மா எறங்குவோம். தங்கமான மனுஷன், எனக்கு நல்லா ஞாபகம் கீது."

ஒன்றரை வருடம் தேடியும் இந்த ஊரில் அப்பாவுக்கு ஒரு சரியான வைத்தியத்தை என்னால் வாங்கித் தர முடியவில்லை, ஒரு ஷாஃப்டைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.