ஒரு சாண் பின்னால்

மன்சூர் அலி தைத்த சட்டையைத்தான் நான் இருபது வருடம் போட்டேன். காலர் வைப்பதில் சங்கரன்கோவிலில் அவனை அடிக்க ஆள் கிடையாது. சொன்ன தேதியில் அவன் தைத்துக் கொடுத்ததும் கிடையாது. ஆடித்தபசுக்குக் கொடுத்த துணி தீபாவளிக்கு வரும். கேட்டால், "அடுத்த தபசுக்கு முந்தி வந்துட்டுல்லா வே?" என்பான். ஊரில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள். எனக்கு இன்னொன்றும் தெரியும். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இனிச் சொன்னால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, சொல்லாவிட்டால் எனக்குத்தான் நெஞ்சு வெடித்துவிடும்.

என் பெயர் செல்வமணி. திருவேங்கடம் ரோட்டில் ஒரு மரக்கடையில் இழைப்புளி பிடிக்கிறவன். மன்சூரின் தையல் கடை எதிர்த்தாற்போல. அவன் தங்கை ரசீதா. அவளைக் கட்டியவன் பாதுஷா, கடையநல்லூர்க்காரன், தறி நெய்கிறவன். கல்யாணமானதும் இங்கேயே குடி வந்துவிட்டான். மன்சூர் என்ன சொன்னாலும் "சரி மச்சான்" என்பதுதான் அவன் பேச்சு.

எழுபத்திரண்டில் இரண்டு பேருக்கும் அரபு நாட்டுக் கிறுக்கு பிடித்தது. கையில் பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. மலையாளக் கரையிலிருந்து ஒரு லாஞ்சு கள்ளத்தனமாக ஆள் ஏற்றிப் போகிறது என்று ஓர் ஏஜெண்ட் வந்து சொன்னான். ஒரே ஒரு இடைஞ்சல். லாஞ்சு அந்தப் பக்கத்துக் கரைக்குப் போகாது. கரை கண்ணில் பட்டதும் அரை மைல் தள்ளி நிறுத்தி, எல்லாரையும் கடலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அப்புறம் அவனவன் பாடு.

மன்சூராவது கிணற்றில் குதித்து நீந்துவான். பாதுஷா தறிக்குழியைத் தவிர வேறு குழியில் இறங்கினவன் இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்த அவர்களிடம் யோசனை சொன்னது நான்தான். எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ!

"பலகையில படுத்துக் கையால துழாவிப் போங்கலே. மரம் ஆளை முங்க விடாதுல்லா?" என்றேன்.

செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த முருக்க மரத்தில் இரண்டு பலகை அறுத்தேன். ஒன்றரை அடி அகலம், தாடையிலிருந்து முழங்கால் வரை நீளம். முருக்கு தக்கை மாதிரி எடையே இருக்காது. முனையை வளைத்து இழைத்துக் கொடுத்தேன். என் கையால் அவ்வளவு ஆசையாக வேறெதையும் இழைத்ததில்லை.

அந்த வருடம் கார்த்திகை மழையில் ஊருக்கு மேற்கே குளம் நிரம்பி, கலுங்கில் தண்ணீர் வழிந்தது. காலையில் கடை திறக்கும் முன் மூன்று பேரும் போய்விடுவோம். முதல் நாள் பாதுஷா பலகையின் பின்பக்கமாகப் படுத்தான். முனை வானத்தைப் பார்த்தது. எவ்வளவு துழாவினாலும் பலகை நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்சம் முன்னால் ஏறிப் படுக்கச் சொன்னோம். முனை தண்ணீரோடு ஒட்டிக்கொண்டது, பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த தொல்லை கை. தறிக்காரனுக்கு நூல் நாடாவை ஓட்டுகிற கயிற்றை இழுத்து இழுத்து வலது கை மட்டும் முறுக்கேறியிருக்கும். அதனால் பலகை இடது பக்கமாகவே வட்டம் போட்டது. குளத்துக்குள் செக்கு சுற்றினான். மன்சூருக்குக் கோபம் வந்துவிட்டது.

"விரலைச் சேத்து வை மச்சான். தண்ணியை அடிக்காத, அள்ளிப் பின்னால தள்ளு. தலையை நிமுத்து. இடது ஒண்ணு, வலது ஒண்ணு. தையல் கணக்கா ஒரே அளவா விழணும்."

"சரி மச்சான்."

பத்தே நாளில் பாதுஷா எங்களை மிஞ்சினான். குளத்தை இக்கரைக்கும் அக்கரைக்குமாக மூன்று தடவை போய் வருவான். ஆனால் களைத்தால் மட்டும் தன்னை அறியாமல் பின்னால் சறுக்கிவிடுவான். மன்சூர் நீலச் சாக்குக்கட்டியால் அவன் பலகையில் அடையாளம் போட்டான். தண்ணீரில் கரைந்துவிட்டது. அப்புறம் நான்தான் உளியை எடுத்து, நெஞ்சுக்குழி வந்து உட்காருகிற இடத்தில் இரண்டு பலகையிலும் குறுக்கே ஒரு வெட்டு போட்டேன். கண்ணால் பார்க்க வேண்டாம், படுத்தாலே தட்டுப்படும்.

"அலைன்னு ஒண்ணு வருமே, அதுக்கு என்ன செய்ய?" என்று ஒருநாள் பாதுஷா கேட்டான். நியாயமான கேள்வி. கடலைப் பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. மன்சூர் என்னைப் பார்த்து, "ஏலே செல்வம், நீ எதுக்க நின்னு குதி. அலை வரும்" என்றான். நான் கரையிலிருந்து குதித்தேன். ஒரு சின்னச் சலசலப்பு போய் பாதுஷாவின் மோவாயை நனைத்தது. அவன் அதை எதிர்த்துத் துழாவி வந்து, "கடலைத் தாண்டிட்டேன் மச்சான்!" என்று கத்தினான். சாப்பாடு கொண்டுவந்திருந்த ரசீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது இருபது வயது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

தை மாதம் கிளம்பினார்கள். ரயிலில் கேட்டவர்களிடம் கட்டில் பலகை என்று சொன்னார்களாம்.

நாலு மாதம் கழித்து மன்சூரின் கடிதம் வந்தது. இருவரும் கரை ஏறிவிட்டதாகவும், பாதுஷாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகவும், விட்டுவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தான். ரசீதா அதை அடுக்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எழுபத்தாறில் மன்சூர் மட்டும் திரும்பி வந்தான். வந்த மூன்றாம் நாள் மத்தியானம் என் மரக்கடைக்கு வந்து, அறுத்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, "அந்த வெட்டைப் போட்டவன் நீதான? உங்கிட்டதான் சொல்ல முடியும்" என்று ஆரம்பித்தான்.

பொழுது விடிகிற நேரத்தில் லாஞ்சு அவர்களை இறக்கிவிட்டிருக்கிறது. பாதித் தூரத்துக்கு மேல் இருவரும் குளத்தில் போனது போலவே ஜோராகப் போயிருக்கிறார்கள். கரையை நெருங்கும்போதுதான் கடல் எழும்பியிருக்கிறது.

"அலை பின்னால இருந்து வருதுல்லா செல்வம். அலைன்னா எதுக்க வரும்னுதான நாம நெனைச்சோம்? மொத அலை பலகையோட வாலைத் தூக்கிச்சு. பயத்துல எனக்குப் பிடி விட்டுப்போச்சு. பின்னால சறுக்கி, பாதி உடம்பு தண்ணியில தொங்குது. அதுல முனை நிமிந்துட்டு. அலை அப்படியே என்னையக் கரைக்குத் தள்ளிக்கிட்டுப் போவுது."

"பாதுஷா?"

"அவனும் பின்னால நகந்தான். திரும்பிப் பாத்தேன். நான்தான் கத்துனேன். 'மச்சான், பின்னால போவாத! நெஞ்சு வெட்டுல இருக்கட்டும்!'னு கத்துனேன். அவன் என்னைக்கு என் பேச்சைத் தட்டியிருக்கான்? முன்னால ஏறிப் படுத்தான்."

அடுத்த அலை வாலைத் தூக்கியதும் பலகையின் முனை தண்ணீருக்குள் குத்திக்கொண்டு இறங்கியிருக்கிறது. பலகை தலைகீழாகப் புரண்டு ஆளைக் கடலடித் தரையில் மோதிவிட்டது. பிறகு பலகை மட்டும் தனியாகக் கரைக்கு வந்தது. சற்று நேரத்தில் அவனும் வந்தான். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். மன்சூர் அவன் கண்ணை மூடிவிட்டு, கூடவே ஓடினான்.

"ஒரு பிடி மண்ணு அள்ளிப் போடலலே" என்றான்.

மூன்று வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் அந்த ஊர்க் கடற்கரைக்குப் போய் மீன்காரர்கள் பலகையில் வருவதைப் பார்த்திருக்கிறான். "துழாவும்போது முன்னாலதான் படுக்காங்க. அலை தூக்கும்போது ஒரு சாண் பின்னால நகந்து நெஞ்சைத் தூக்குதாங்க. ஒரு சாண், செல்வம்! அங்கன சின்னப் பிள்ளையளுக்குக்கூட அது தெரியுது."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. என் கையையும் வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. தங்கையிடம் போய் இன்றைக்கே சொல் என்றேன். "சொல்லுதேன், நோன்பு முடியட்டும்" என்றான். நோன்பு முடிந்தது. "சொல்லுதேன், பெருநாள் கழியட்டும்." பெருநாளும் கழிந்தது. துணிக்குச் சொல்கிற தவணை மாதிரியே இதற்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அவளாகக் கேட்டபோதெல்லாம், "வருவாம்மா" என்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்டு போட்டவன் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ரசீதா அவன் கடைக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பாள். எழுபத்தொன்பதில் கடையநல்லூரிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். மனைவியை இழந்தவர், தங்கமான மனிதர். காணாமல் போனவனின் கல்யாணத்தை ஜமாத்தில் முறித்துத் தருகிறோம் என்று பெரியவர்களே சொன்னார்கள். "அவங்க ஜெயில்ல இருக்காங்க. அண்ணன் கண்ணால பாத்திருக்கு" என்று அவள் மறுத்துவிட்டாள். மன்சூர் அங்கேயே உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் வாயைத் திறந்திருந்தால் அவளுக்கு இன்றைக்கு ஒரு குடும்பம் இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பத்தாறில் ஒருநாள் காலை, நான் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது ரசீதா கடைக்குள் வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. கையில் பாஸ்போர்ட் விண்ணப்பம்.

"யாரைக் கேட்டாலும் அந்த ஜெயில்ல அப்படி ஒரு பேரே இல்லங்காங்க. நானே போய்த் தேடுதேன். இதை நிரப்பித் தா அண்ணே" என்றாள்.

மன்சூர் பேனாவை எடுத்தான். கணவர் பெயர் என்ற இடத்தில் பாதுஷா என்று எழுதினான். அதற்கு மேல் அவன் கை ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்லிவிட்டான். வெட்டு, அலை, தான் கத்தியது, ஓடியது எல்லாவற்றையும் சொன்னான். பதின்மூன்று வருடம் சொல்லாததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அழவில்லை. "எந்த நாள்?" என்று மட்டும் கேட்டாள்.

"தை மாசக் கடைசி. வெள்ளிக்கிழமை."

"அப்ப நான் இத்தா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கணவன் இறந்தால் அவர்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பார்கள். அதுதான் இத்தா. மன்சூர் பள்ளிவாசல் அஜரத்திடம் போய் முறை கேட்டான். கணக்கு இறந்த நாளிலிருந்துதான், அது எழுபத்திமூன்று ஆனியிலேயே முடிந்துவிட்டது, இனி அந்தப் பெண் உட்கார வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். மன்சூர் போய் அதைத் தங்கையிடம் சொன்னபோது என் மனைவி பிச்சம்மாள் அங்கே இருந்தாள்.

"எனக்கு அழுகதுக்குக்கூட நாள் இல்லையா?" என்று ரசீதா கேட்டாளாம்.

யார் சொல்லியும் கேட்காமல் அவள் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி உடுத்தி, உள் அறைக்குத் திரை கட்டிக்கொண்டாள். இத்தா இருக்கிற பெண்ணைக் கூடப்பிறந்த அண்ணன் பார்க்கலாம், அதற்குத் தடை கிடையாது. ஆனால் மன்சூர் வந்த சத்தம் கேட்டதும் அவள் திரையை இழுத்து மூடினாள். நாலு மாதம் பத்து நாளும் அவன் மத்தியானம் வந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டுப் போனான். உள்ளேயிருந்து ஒரு பேச்சு கிடையாது.

கடைசி நாளைக்கென்று அவளுக்குப் பச்சையில் ஒரு ரவிக்கை தைத்தான். அவன் வாழ்க்கையில் குறித்த தேதியில் தைத்து முடித்த துணி அது ஒன்றுதான். அன்று காலையில் குளித்துவிட்டு அவள் வெளியே வந்தாள், திரையை அவிழ்த்தாள், பிச்சம்மாளோடு பேசினாள். நானும் மன்சூரும் வாசலுக்கு வந்தபோது அவன் இருமல் உள்ளே கேட்டது. அவிழ்த்த திரையை எடுத்து மறுபடியும் கட்டினாள்.

பிச்சம்மாள்தான் ரவிக்கையை உள்ளே கொண்டுபோய், "அண்ணன் வெளிய நிக்காரும்மா. ஒரு வார்த்தை பேசணுங்காரு" என்றாள்.

ரசீதா ரவிக்கையைத் தொடவில்லை. "பதிமூணு வருசம் கழிச்சு வரச் சொல்லுங்க" என்றாள்.

வாசலில் நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்டது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மன்சூர் படி இறங்கினான். அவனுக்கு ஆயுசு மூன்று வருடம்தான் மிச்சம் இருந்தது.