சாவடியில் சரிந்த வரிசைத் தட்டு

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைத்த குடும்பம் விருத்தாம்பாளுடையது. சமையலில் அவளைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. அவள் பிடித்த எள்ளுருண்டையைக் கடிக்கப் பல் வலுவாக இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்களே சிரிப்பார்கள். ஆனால் பண்டங்களைத் தட்டில் அடுக்க வேண்டும் என்றால் அந்தப் பெண்களே அவள் வாசலில் வந்து நிற்பார்கள். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் அவள் வந்து உட்கார்ந்தால்தான் தட்டு தட்டாக இருக்கும். தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, ஓரத்தில் அதிரசங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, நடுப்பள்ளத்தில் பொரிவிளங்காய் உருண்டைகளை இறுக்கி, அதற்குமேல் சின்ன வட்டம், அதற்குமேல் அதைவிடச் சின்ன வட்டம் என்று ஏற்றிக்கொண்டே போவாள். உச்சியில் ஒரே ஒரு லட்டு. அடுக்கும்போது யாராவது கைநீட்டினால் புறங்கையில் சுள்ளென்று ஒரு அடி விழும். ஊர் நாட்டாமை பெண்சாதி கையிலும் ஒருமுறை விழுந்திருக்கிறது.

இப்படிப்பட்டவளின் ஒரே மகள் தனக்கொடியின் கல்யாணத்தில்தான் தட்டு மானம் போயிற்று. பாகூர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. மாப்பிள்ளை இருசப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தான். வண்டி குலுங்கிய குலுக்கலில் கல்யாணத் தட்டெல்லாம் போய்ச் சேர்வதற்குள் படிந்துவிட்டன. மாப்பிள்ளையின் தாய் தையலம்மாள் தன் ஓரகத்தியிடம் சொன்னது விருத்தாம்பாள் காதில் தெளிவாக விழுந்தது.

"தட்டு பெருசா கீது, பண்டந்தான் சப்பையா கீது."

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. ஆவணியில் கேட்ட பேச்சை அவள் தை வரைக்கும் மறக்கவில்லை. தலைப்பொங்கல் வரிசையை மாட்டுப்பொங்கலன்று பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்கும்போது வாங்குவதுதான் தையலம்மாள் வீட்டு வழக்கம். அந்தக் கூட்டத்தின் நடுவில் சரியாத, சப்பையாகாத ஒரு தட்டை இறக்கி வைக்க வேண்டும் என்று விருத்தாம்பாள் முடிவு கட்டியிருந்தாள்.

ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒன்றும் ஒத்துவரவில்லை. முதல் முறை கிளறிய அதிரச மாவு பாகு பதம் தப்பி எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோனது. மறுபடி அரிசி ஊறவைத்து இடித்தாள். கடலைமாவு லட்டுக்கு வைத்திருந்த நெய்யில் எறும்பு. விடிந்தால் மாட்டுப்பொங்கல், மாடு கழுவ வேண்டிய புருஷன் உத்திராபதி கடைத்தெருவுக்குப் போனவர் போனவர்தான். கொம்புக்கு வர்ணம் பூசியதும் அவளேதான்.

புறப்படும் நாள் காலையில் கூடத்தில் தாம்பாளத்தை வைத்து அடுக்க உட்கார்ந்தாள். முதல் வட்டம் முடிந்து நடுவில் உருண்டைகளை நிரப்பிக்கொண்டிருக்கும்போது தோட்டத்தில் மாடு அவிழ்ந்து ஓடும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கட்டிவிட்டு வந்தாள். மீண்டும் அடுக்கத் தொடங்கினால் மூன்றாவது வட்டம் நிற்கவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உருண்டைகளை மாற்றிப் பார்த்தாள், நின்றபாடில்லை. இத்தனை வருஷமாக அடுக்கிய கைக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"இன்னா புள்ள இன்னும் முடியலியா? வெயிலு ஏறுது" என்றார் உத்திராபதி, வண்டியில் வைக்கோல் பரப்பியபடி.

"அடிப்பக்கம் என்னமோ இடிக்குதுங்க. கலைச்சிட்டு மொதல்லேர்ந்து அடுக்கறன்."

"ஐயய்யோ, அதெல்லாம் வாணாம்!" அவர் பதறிக்கொண்டு வந்தார். "நல்லாத்தான் கீது. மேல துணியப் போட்டுக் கட்டு. நேரமாயிடும்."

தட்டைப் பற்றி வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் நல்லாயிருக்கிறது என்று சொன்னதே அதிசயம். அவளும் பழந்துணியைத் திரித்து அண்டைகொடுத்து, எப்படியோ உச்சிவரைக்கும் ஏற்றிவிட்டாள். வண்டியில் தட்டை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கத்தியதில் தொண்டை கட்டிப்போனது.

அந்த வருஷங்களில் பிரெஞ்சுக்காரன் ஊருக்கும் இங்கிலீஷ்காரன் ஊருக்கும் நடுவே பல இடங்களில் வரப்புதான் எல்லை. ஒரே ஆள் இந்தப் பக்கம் நாற்று விட்டு அந்தப் பக்கம் அறுப்பான். ஆனால் பாட்டையில் போனால் சாவடியைத் தாண்டியாக வேண்டும். புதுச்சேரிக் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் சீமைச் சாமான்களை இங்கிலீஷ் சீமைக்குக் கடத்துகிறார்கள் என்று வருகிற போகிற மூட்டையை எல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

அன்றைக்குச் சாவடியில் இருந்த காவல்காரன் புதியவன். வைக்கோலைக் குத்திப் பார்த்துவிட்டு, "அது இன்னா மடியில?" என்றான்.

"பொண்ணுக்குப் பொங்க வரிச."

"தொற."

துணியை விலக்கிக் காட்டினாள். தட்டு நிமிர்ந்து நின்றது. அவன் அதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கீழ எறக்கு" என்றான்.

"எல்லாம் திங்கற பண்டம்பா. கலைச்சா மறுபடி அடுக்க முடியாது."

"அடுக்க முடியாட்டி அள்ளிக்கினு போ."

அவள் மறுத்துப் பேசப் பேச அவன் கையிலிருந்த இரும்புக் கம்பியை உச்சி லட்டில் இறக்கினான். லட்டு பிளந்தது. கம்பி பாதியில் எதிலோ தட்டி நின்றது. மறுபடி குத்தினான். டக்கென்று சத்தம். அவ்வளவுதான், இரண்டு கையாலும் அதிரசங்களை வாரிச் சாவடி மேசைமேல் கொட்டினான். உருண்டைகள் உருண்டு மண்ணில் விழுந்தன. தட்டின் அடியிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த ஒரு அட்டைப் பெட்டி வந்தது. அதற்குள் பளபளவென்று ஒரு கைக்கடிகாரம்.

விருத்தாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் மாட்டின் நுகத்தடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்களா வச்சீங்க?"

அவர் நுகக்கயிற்றை இறுக்கினார்.

"மாட்ட அவுத்து வுட்டதும் நீங்கதானா?"

அவர் மாட்டின் மறுபக்கம் நகர்ந்துகொண்டார். பல் இடுக்கில் குச்சி வைத்திருந்த காவல்காரன் சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை ஏசுவது என்றுகூடத் தெரியவில்லை. கம்பியால் குத்தியவன் அவன் வேலையைச் செய்தான். பொய்யன் வீட்டிலேயே இருந்திருக்கிறான்.

மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை வெயிலில் உட்கார வைத்தார்கள். மேசைமேல் கிடந்த அதிரசங்களில் ஈ மொய்த்தது. விரட்டப் போனவளை, "சாட்சிப் பொருளு, கிட்ட வராத" என்று காவல்காரன் தடுத்தான். தன் கையால் சுட்ட அதிரசத்தை ஈ தின்னுவதைத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அதிகாரி வந்து, உத்திராபதியை வாய்க்கு வந்தபடி திட்டி, கடிகாரத்தைப் பறித்துக்கொண்டு, பண்டங்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஓடுகிற வண்டியிலேயே அவள் அடுக்கிப் பார்த்தாள். முழு அதிரசம் ஒரு வட்டத்துக்குக்கூடத் தேறவில்லை. உடைந்தவற்றை உள்ளே வைத்து, மண் பட்டவற்றைத் துடைத்து ஒதுக்கி, மறுபடியும் மறுபடியும் வைத்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் சரிந்தது. ஊர் எல்லை வந்ததும் அடுக்குவதை விட்டுவிட்டாள்.

சம்பந்தி வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தையலம்மாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சம்பந்தி, இது வரிசயா, வாரிக்கினு வந்ததா?" என்றாள்.

பின்னால் நின்ற தனக்கொடியின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் விருத்தாம்பாளுக்கு எதையும் மறைக்கத் தோன்றவில்லை.

"கோபுரமாத்தான் அடுக்கிக்கினு வந்தன் சம்பந்தி. எங்க ஊட்டுக்காரரு அதுக்குள்ள கடியாரத்த ஒளிச்சி வச்சாரு. சாவடில கம்பியால குத்திக் கொட்டிட்டாங்க."

உடனே ஒரு பெரியவர் தன் பட்டுத் துண்டை அதே சாவடியில் இழந்த கதையைத் தொடங்கினார். இன்னொருவர் செண்டு பாட்டில் உடைந்து வேட்டியெல்லாம் மணத்த கதையைச் சொன்னார். முற்றமே கலகலத்தது. பேச்சுவாக்கில் தட்டு கைமாறிக் கைமாறிப் போய்க் காலியாயிற்று. தையலம்மாளும் சிரித்தபடி அதிரசத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "ருசியாத்தான் கீது" என்றாள். விருத்தாம்பாளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. அவள் ருசிக்குப் பெயர் வாங்க வரவில்லை.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"மடியில கட்டிக்கினு வந்திருக்கலாமே மாமா. நான் கேட்டதே அது ஒண்ணுதான்."

"மடியத்தான் மாப்ளே மொதல்ல பாப்பான்" என்றார் உத்திராபதி தணிந்த குரலில்.

ஆக, கேட்டது இவன். ஒளித்தது அவர். அவமானப்பட்டது அவள். வாளியை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள். இருசப்பன் துள்ளி எழுந்தான்.

"மாப்ளே, கடியாரம் வேணும்னா எங்க ஊட்டுக்கு வாங்க. விருந்து சாப்டுட்டு, கையில கட்டிக்கினு நீங்களே அந்தச் சாவடியத் தாண்டி வாங்க. எம்பொண்ணு வரிசையில இனிமே எதுவும் ஒளிஞ்சிக்கினு வராது."

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் அத்த" என்றான். அவன் வருத்தப்பட்டான் என்பது உண்மை. ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

திரும்பும்போது அவள் வண்டியில் ஏறவில்லை. உத்திராபதி மாடுகளை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஏறு புள்ள, கால் நோவும்" என்று பலமுறை கெஞ்சினார். சாவடியைத் தாண்டி, தங்கள் ஊர்க் கரும்புக் கொல்லை தெரியும்வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த தைக்கு அவள் பண்டங்களைப் பானையில் போட்டு வாய்க்குத் துணியால் வேடு கட்டி அனுப்பினாள். உள்ளூர்ப் பெண்கள் கூப்பிட்டால் மட்டும் போய் அடுக்கிக் கொடுத்தாள். தனக்கொடிக்கு வளைகாப்பு வந்தபோது, தையலம்மாளே ஆள் அனுப்பி, இங்கேயே வந்து தங்கி எங்கள் வீட்டுப் பண்டத்தில் அடுக்கித் தாருங்கள் என்று கேட்டாள். விருத்தாம்பாள் போனாள். தட்டு கோபுரமாக நின்றது. வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "எங்க ஊட்டுத் தட்டு எப்படி?" என்று தையலம்மாள் எல்லோரிடமும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.