ஆடி முடியும்வரை பெட்டிக்குள் இருந்த ஜெனரேற்றர்

புரட்டாதிச் சனி. கோவிலில் எள்ளுப் பொட்டலத்தை எண்ணெயில் நனைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. சனீஸ்வரனுக்கு எரித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டேன். வெளியே வந்து பார்த்தால் திலகா அக்காவின் மகள் நிரோவின் செய்தி: “அன்ரி, அம்மா போயிட்டா. வெரி பீஸ்ஃபுல்.” கோவில் கார் பார்க்கில் நின்று மூன்று தரம் வாசித்தேன். ஆறு கிழமைக்கு முன் அக்காவோடு கதிரை போட்டு இருந்த அதே கார் பார்க்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நிரோ கேட்டாள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எங்கள் பஜனைக் குழுவுக்கும், கோடையில் அக்காவின் ஆர்.வி.யில், அந்த வீட்டு வண்டியில், ஏரிக்கரைக்கு வந்த எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். செத்தவீட்டில் நான் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

அக்கா இங்கே கனடாவில், பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பதினாறு வருடம் வேலை செய்தா. மக்கள் கடையில் வாங்கிப் பிடிக்காமல் திருப்பிக் கொடுக்கும் சாமான்களைச் சோதித்துத் தரம் பிரிக்கிற இடம். அக்காவின் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் சீனாவில் செய்த சின்ன ஜெனரேற்றர்கள். அவற்றின் குடல் எல்லாம் அவவுக்குத் தெரியும். நான் அவவை அறிந்ததும் அப்படி ஒன்றால்தான். பனிப்புயலில் கரண்ட் நின்று, அவசரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு மலிவு ஜெனரேற்றர் வாங்கி வந்தார். கயிற்றை இழுத்து இழுத்து இவருக்குத் தோள் கழன்றதுதான் மிச்சம். பஜனையில் புதிதாகச் சேர்ந்திருந்த அக்காவை எங்கள் குழு வசந்தி கூட்டிக்கொண்டு வந்தாள்.

“ஒயில் விட்டனீங்களோ?”

“கடையிலை விட்டுத்தானே தருவினம், அக்கா?”

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குலைத்தது. “உது ஒயில் இல்லாமல்தான் கப்பல் ஏறி வரும். பெட்டிக்குள்ளை ஒரு சின்னப் போத்தல் இருந்திருக்குமே. நல்லெண்ணெய் எண்டு நினைச்சுச் சாமி அறையிலை வைச்சிட்டியோ?”

உண்மையாகவே சாமி அறையில்தான் இருந்தது. என்ன எண்ணெய் என்று தெரியாமல் எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன். அதை விட்டு இரண்டாம் இழுவையிலேயே மெஷின் ஓடியது. ஒயில் குறைந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும் ஒரு காவல் அதற்குள் இருக்கிறதாம். சரிவான நிலத்தில் வைத்தாலும் அது ஏமாந்து நிறுத்திவிடுமாம். “எனக்குத் திரும்பி வாறதிலை பாதி செத்ததில்லைப் பிள்ளை, மயங்கினதுகள்” என்றா. அன்றிரவே கொப்பியில் எழுதினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. எதையும் கொப்பியில் எழுதினால்தான் என் தலைக்குள் நிற்கும். அதற்குப் பிறகு யாருக்காவது ஜெனரேற்றர் வாங்கப் போனால் அக்கா என்னையும் கூட்டிப்போவா. கடையில் பெட்டிகளை வரிசையாகக் காட்டிச் சொல்லுவா: “உந்தச் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாத்துக்கும் தாய் ஒண்டு. சட்டைதான் வேறை.” பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாற்ஸ் கணக்கு, மெஷின் ஒரு கண நேரம் மூச்சுப் பிடித்துத் தரக்கூடியது. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் நாள் முழுக்கத் தருவது. “பெரிய இலக்கம் கலியாணப் பேச்சு. சின்ன இலக்கம் குடும்பம். நீ குடும்பத்தைப் பார்” என்பா.

மலிவுச் சாமானை அவ ஒருநாளும் இளக்காரமாகப் பேசியதில்லை. “மலிவு பிழையில்லை. மலிவை நம்பிப் பெட்டியோடை வைக்கிறதுதான் பிழை. வாங்கின அண்டைக்கே ஒயிலை விட்டுப் போட்டுப் பார். கேத்தில் பிளக்கைக் கொழுவு, ஹீற்றரைக் கொழுவு, அழப்பண்ணு. அழுறதெண்டால் கடைக்காரன் திருப்பி எடுக்கிற நாளுக்குள்ளை அழட்டும்.” இந்த வாக்கியத்தின் கீழே என் கொப்பியில் இரண்டு கோடு இருக்கிறது.

ஆர்.வி.யில் எதை எப்போது கொழுவலாம் என்று நேர அட்டவணை போட்டதும் நான்தான். சோறு வேகும்போது ஏசி நிற்கவேண்டும். கேத்தில் கொதித்த பிறகுதான் கிரைண்டர். “உவ கரண்டுக்கும் ராகுகாலம் எழுதி வைச்சிருக்கிறா” என்று வசந்தி பழிப்பாள். அக்கா மட்டும் அந்தத் தாளை வாங்கி அடுப்புக்கு மேலே ஒட்டினா. கணவர் இறந்த பிறகு அந்தப் பழைய வண்டியை விற்காமல் தானே ஓட்டப் பழகிய மனுசி அவ.

ஒருமுறை அக்காவின் கோபத்தையும் பார்த்தோம். ஏரிக்கரையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். எங்கள் ஜெனரேற்றர் சத்தம் அவர்களுக்கு இடைஞ்சல், எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டு, அதை ஆர்.வி.க்குப் பின்னால் யன்னலோடு ஒட்டி வைத்து, மேலே பாயையும் சாய்த்துவிட்டோம். அக்கா நீராடிவிட்டு ஈரத்தலையோடு வந்தா. மெஷினை நிற்பாட்டினா. உள்ளே படுத்திருந்தவர்களை எழுப்பி வெளியே விட்டா. பிறகுதான் வாய் திறந்தா.

“வெள்ளைக்காரன் சத்தத்துக்குக் கோவிப்பான், வந்து சொல்லுவான். உந்தப் புகைக்குள்ளை இருக்கிற நஞ்சு கோவிக்காது. அதுக்கு மணமும் இல்லை. நித்திரையாக்கிப்போட்டு எல்லாரையும் ஒண்டாய்க் கொண்டுபோகும். மரியாதைக்குச் சாகப் போறியளோ?”

வயர் எட்டுகிற தூரம்வரை மெஷினை இழுத்துப்போய், புகைக்குழாயை எங்களுக்கு மறுபக்கம் திருப்பி வைத்தா. பிறகு ஒரு தட்டில் வடையோடு பக்கத்துக் குடும்பத்திடம் போய் “நொய்ஸ், சொறி, ஈற்” என்றா. அவர்கள் அடுத்த நாளும் வடை கேட்டு வந்தார்கள்.

போன வருடம் அக்காவுக்கு நுரையீரல் தடிக்கிற வருத்தம் என்று சொன்னார்கள். வீட்டில் ஒட்சிசன் மெஷின் வந்தது. சுவரில் கொழுவி, நீளக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு இருப்பா. இந்தக் கோடையில் டொக்டர், போக விருப்பமான இடம் இருந்தால் இப்போதே போய்வரச் சொன்னார். அக்கா கேட்டது ஒன்றுதான். தன்னுடைய வண்டியில், ஏரிக்கரையில், இரண்டு நாள்.

கரண்ட் உள்ள இடங்கள் எல்லாம் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. கரண்ட் இல்லாத ஓர் இடம், ஆவணி முதல் கிழமையில், இரண்டு இரவுக்குக் கிடைத்தது. அக்காவின் பழைய ஜெனரேற்றரின் கரண்ட் ஏறி இறங்கும். ஒட்சிசன் மெஷின் அதை ஏற்காமல் கத்தியது. கரண்டைச் சீராக்கித் தரும் இன்வேர்ட்டர் வகை வேண்டும். கடைக்கு வரும் நிலையில் அக்கா இல்லை. “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ போய் எடு” என்றா. அந்தச் சொல் எனக்குப் பட்டம் மாதிரி இருந்தது.

ஆடிப்பிறப்புக்கு மறுநாள் விட்பியில் உள்ள கடைக்குப் போய் எடுத்தேன். சின்ன இலக்கம் பார்த்தேன். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டேன். பிழை ஒன்றும் விடவில்லை. ஆனால் ஆடி. ஆடியில் நாங்கள் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. அதுவும் ஓர் உயிரைத் தாங்கப்போகிற சாமான். ஆவணி பிறந்து, ஐயரிடம் பூசை வைத்து, சந்தனம் பொட்டு வைத்துத்தான் முதல் தரம் இயக்கவேண்டும் என்று நினைத்தேன். அது அக்காவின் நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். திருப்பிக் கொடுக்கும் முப்பது நாளும் ஆடியோடு முடிந்தது.

இடையில் ஒருநாள் அக்கா ஃபோன் எடுத்தா. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

“போட்டுப் பாத்தனியே?”

“ஓம் அக்கா.”

“என்ன கொழுவினனீ?”

“கேத்தில்.”

“அழுததோ?”

“இல்லை அக்கா. நல்லா ஓடுது.”

என் நாள் நட்சத்திரத்தை அவ எப்போதும் பகிடி பண்ணுவா. ஆடி என்று சொன்னால் சிரிப்பா, பிறகு திட்டுவா, அந்த மூச்சில் திட்டவேண்டி வரும் என்று நினைத்தேன். இப்படி ஆயிரம் காரணம் சொல்லலாம். நான் ஒரு கந்தசஷ்டி விரதமும் விட்டதில்லை. அந்தப் பொய் என் வாயில் இருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பயணத்தன்று காலை கோவில் கார் பார்க்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப்பேர் அங்கே நின்றீர்கள். ஆர்.வி. சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம். அக்கா முன் இருக்கையில், கையோடு கொண்டுபோகும் ஒட்சிசன் சிலிண்டரோடு. அது ஏரிக்குப் போய்ச் சேரும்வரை காணும், அதற்கு மேல் போதாது. ஐயர் ஜெனரேற்றருக்குத் தீபம் காட்டினார். நான் வண்டிக்குத் தள்ளி வைத்து இயக்கினேன். முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது. நீங்கள் கைதட்டினீர்கள். பச்சை விளக்கு வரவேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு வந்தது. எஞ்சின் ஓடுகிறது; கரண்ட் இல்லை. நிற்பாட்டிப் போட்டேன். மறுபடியும் சிவப்பு. பத்துத் தரம் போட்டிருப்பேன். வசந்தி கடை கடையாக ஃபோன் எடுத்தாள். அந்த வகை கையிருப்பில் இல்லை, மூன்று நாளில் வரும் என்றார்கள். எங்களிடம் இருந்ததே இரண்டு நாள்.

“இஞ்சை கொண்டு வாங்கோ” என்றா அக்கா. எஞ்சினை நிற்பாட்டி, ஆறவிட்டு, கதவடியில் கொண்டுபோய் வைத்தோம். குனிந்து பார்த்தா. பிளக் கொழுவும் துவாரங்களுக்கு மேலே தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடிப் பட்டை அப்படியே இருந்தது. அதை உரிக்காமல் கேத்தில் கொழுவ முடியாது. அக்காவின் விரல் அதில் நின்றது. என்னை ஒருதரம் பார்த்தா. பிறகு மெல்ல அதை உரித்து, உருட்டி, சுவெற்றர் பைக்குள் போட்டா.

“உள்ளை கரண்டைச் சீராக்கிற போர்ட் பழுதாப் போச்சு” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. “இவளின்ரை பிழையில்லை. போன கிழமை நல்லா ஓடினது. நான் ஃபோனிலை சத்தம் கேட்டனான்.”

அதன் பிறகு, வந்தது வந்துவிட்டோம், கதிரையைப் போடுங்கள் என்றா. சிலிண்டர் இருக்கும்போது அடுப்பு மூட்டவேண்டாம் என்று பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றச் சொன்னா. வசந்தி மழைத் தண்ணி தேங்கிய ஒரு பள்ளத்தைக் காட்டி, “அக்கா, ஏரி வந்திட்டுது, இறங்குங்கோ” என்றாள். “மீன் நிக்குதோ பார்” என்றா அக்கா. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை நெஞ்சில் கிருமி தொற்றி ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பவில்லை. ஒருநாள் அறையில் நானும் அவவும் தனியே இருந்தோம்.

“ஆடி முடியட்டும் எண்டு என்ரை நெஞ்சுக்கும் ஒருக்கால் சொல்லியிருக்கலாமே, பிள்ளை” என்றா. முகத்தில் சிரிப்பு இருந்தது.

நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “விடு. எனக்குத் திரும்பி வந்த சாமானிலை பாதி உன்னை மாதிரி ஆக்களாலைதான்” என்றா. பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “மற்றாக்களுக்குச் சொல்லிப்போடாதை. உனக்காக ஒரு பொய் சொல்லிப்போட்டன். போற நேரத்திலை என்னைப் பொய்க்காரி ஆக்காதை” என்றா.

சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் செத்தவீட்டில் உங்களில் சிலர், சீனச் சாமான் அக்காவை ஏமாற்றிவிட்டது என்று பேசிக்கொண்டு நின்றீர்கள். பதினாறு வருடம், குற்றம் மெஷினிலா மனிதரிலா என்று பிரித்துப் பார்த்துச் சீட்டு ஒட்டிய மனுசியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பிழையான சீட்டு ஒட்டினீர்கள். போர்ட் பழுதுதான். ஆனால் வாங்கிய அன்றே இயக்கியிருந்தால் அடுத்த நாளே மாற்றித் தந்திருப்பார்கள். ஆடி முழுக்க அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தது நான்.

பழுது பார்க்க அனுப்பிய ஜெனரேற்றர் அக்கா போய்ப் பதினோராம் நாள் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை. பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அந்த மணித்தியாலமே வீட்டு முன்றலில் வைத்து ஒயில் விட்டு இயக்கினேன். கேத்தில், ஹீற்றர், அயன்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கொழுவினேன். அழவில்லை. பச்சை விளக்கு எரிந்தபடி இருந்தது. ஒட்சிசன் மெஷினை அதன் ஆட்கள் முதல் கிழமையே வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

அக்காவிடம் இருந்து எனக்கென்று கிடைத்தது அவ எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான். அதைக்கூட வைத்திருக்கத் தெரியாமல் இன்று உங்கள் முன் உடைத்துவிட்டேன். என்னுடைய பொய் என்னோடு இருக்கிறது. காலையில் விளக்கேற்றியதும் முருகனிடம் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.