கேட்காமல் விட்ட தண்ணீர்

மாலை போட்டால் கழுத்து அரிக்கிறது என்று சலித்துக்கொள்ளும் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பொய். எனக்கு ஒருநாளும் அரித்ததில்லை. நகரசபைத் தலைவராக இருந்த காலம் முழுக்க, கூப்பிடாமலே கழுத்தை நீட்டியவன் நான். அந்தக் கழுத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

நாங்கள் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். பெண்களாவது ஊரோடு இருக்கட்டும் என்று ஊருக்குள்ளேயே பாலகாட் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரி போட்டேன். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து அறுபது பெண்கள் வந்தார்கள். பழத்தைச் சீவிக் கூழாக்கி, டின்னில் அடைத்து மூடி, கொதிக்க வைத்து, சூட்டோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆறவிடுவோம். முதன்முதலில் எனக்கு ஓட்டுப் போட்டதும் அந்த அறுபது வீடுகள்தான்.

குடோனை ஒருத்தி பார்த்துக்கொண்டாள். அவள் புருஷன் சுரங்கத்தில் வேலை செய்தவர். உள்ளே போனதும் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே அது நிற்குமா விழுமா என்று சொல்லிவிடுவாராம். இவள் சின்னக் குச்சியால் டின்களைத் தட்டிக்கொண்டே போவாள். நல்ல டின் கணீரென்று பேசும், கெட்டது மொத்தென்று கேட்கும். அவள் காதை நம்பித்தான் லாரி ஏற்றுவேன்.

மாம்பழம் வருவதும் கோடையில், எங்கள் ஊரில் தண்ணீர் போவதும் கோடையில். அந்த வருடம் லைன்களில் குடத்துக்குக் குடம் அடிதடி. நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: "மழை வர்ற வரைக்கும் டேங்கர் எல்லாம் வீடுங்களுக்குத்தான். ஓட்டல், ஃபேக்டரி எவனுக்கும் ஒரு சொட்டு கிடையாது. என் ஃபேக்டரிக்கும் சேத்துத்தான் சொல்றேன்." என்ன கைதட்டல்! அந்தக் கடைசி வரிக்குத்தான் அத்தனையும். மறுநாள் மாலைகூட வந்தது.

பத்தே நாளில் ஃபேக்டரி போர்வெல் வறண்டது. வாசலில் மூன்று லாரிப் பழம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. வெளியூர் டேங்கரை வரவழைத்தாலும், நகரசபைத் தண்ணீரைத் திருடுகிறான் என்றுதான் ஊர் பேசும். எனக்கு என் பேர் பெரிதாக இருந்தது. பின்பக்கம் பழைய கல்குட்டையில் தேங்கிக்கிடந்த தண்ணீரில் மோட்டார் இறக்கித் தொட்டியை நிரப்பச் சொன்னேன்.

குடோன்காரி ஓடி வந்தாள். "இன்னாண்ணா இது, குட்டத் தண்ணியா? சுடு டின்னு ஆறும்போது மூடி வழியா தண்ணிய இழுக்கும்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"பிளீச்சிங் பவுடர் போட்டுக்கீறேன்மா. நீ போய் உன் வேலையப் பாரு."

அளவு பார்க்காமல் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டிருந்தேன். அவள் குச்சியை எடுத்துக்கொண்டு குடோனுக்குத் திரும்பினாள்.

மூன்றாவது வாரம் என்னை குடோனுக்குக் கூப்பிட்டாள். நான் பார்க்கத் தட்டினாள். மொத். அடுத்தது, மொத். வரிசை வரிசையாகத் தட்டினாள். "சத்தமே செத்துப்போய்க் கீதுண்ணா" என்றாள். சில நாளில் மூடிகள் உப்ப ஆரம்பித்தன. ஒரு டின்கூட வெளியே போகவில்லை, யாரும் வாயில் வைக்கவில்லை. அது ஒன்றுதான் புண்ணியம். எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். வழக்கமாக வாங்குகிறவர் குழியை வந்து பார்த்துவிட்டு, திரும்ப வரவில்லை. அடுத்த கோடைக்கு ஃபேக்டரி திறக்கவில்லை. கேட்டில் நின்று பெண்களிடம் சொன்னபோது ஒருத்தியாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. பாவி, என்னைத் திட்டக்கூட அவர்களுக்குத் தெம்பில்லை.

போன மாதம் பாய்லரை விற்க ஆள் பார்க்கலாம் என்று பெங்களூர் புறப்பட்டேன். மாரிகுப்பம் பிளாட்பாரத்தில் டிபன் பையோடு குடோன்காரி நின்றிருந்தாள். ஏதோ அபார்ட்மென்டில் தரை துடைக்கிற வேலையாம். கூட இன்னும் நாலைந்து தெரிந்த முகங்கள்.

"நல்லாக் கீறீங்களாண்ணா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஊருக்குத் தண்ணி வுட்டேன், ஃபேக்டரிய வுட்டேன், இன்னா பண்றது" என்றேன். கூட்டத்தில் பேசுகிற அதே குரல். வெட்கம் கெட்டவன்.

அவள் டிபன் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எங்க லைனுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, வர்ற டேங்கர நாங்களே உங்க கேட்டுக்குத் திருப்பி வுட்டிருப்போம்ணா. ஒரு வாரம் குளிக்காம இருந்தா செத்தா பூடுவோம்? வேல இருந்திருக்குமே."

ரயில் வந்தது. அவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். உட்கார இடமில்லை, நின்றபடியே போனாள். நான் ஏறவில்லை.

ஓட்டுக் கேட்க அந்த அறுபது வாசலுக்கும் போயிருக்கிறேன். தண்ணீர் கேட்க ஒரு வாசலுக்கும் போகவில்லை.