ஆனந்தராசாவின் அறுபத்தொன்பதாம் சங்கீதம்

ஆனந்தராசாவை எங்கள் சபையில் பலருக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலுக்கு வருவார். கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்ல முன்னமே எழும்பிப் போய்விடுவார். துறைமுகத்தில் கப்பல்களை இறங்குதுறைக்கு இழுத்துவரும் படகில் எஞ்சின் பார்ப்பது அவருடைய வேலை. இருபத்தாறு வருடமாக அதே படகு. அவருடைய மனைவி பூரணி தம்பலகாமத்துச் சைவப் பெண். கலியாணத்துக்கு இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் மதம் மாறவுமில்லை, மாறச் சொல்லி அவர் கேட்கவுமில்லை. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் குடியிருந்தார்கள். ஒரே மகன் தயாபரன். நான் அவனுக்கு ஆறாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்திருக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் தயாபரனைக் கொண்டுபோனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அன்று எங்கள் பகுதியிலிருந்து ஒன்பது பேரை ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். தயாபரன் வரவில்லை.

அதன் பிறகு ஆனந்தராசா வேலைக்குப் போவதை விட்டார். காலையில் வெளிக்கிட்டு ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய், மகனுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். பூரணியும் கூடப் போவாள். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். இரத்த அழுத்தத்துக்கு நெடுநாளாகப் போட்டுவந்த பிரஷர் குளிசையை அவர் எப்போது நிறுத்தினார் என்று அவளுக்கே தெரியாது. கால் வீங்கியது. நின்று நின்று வந்த வீக்கம் என்று நினைத்தார்கள். தை மாதம் ஒரு முகாம் வாசலில் மயங்கி விழுந்தபோதுதான் டொக்டர் சொன்னார், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று.

இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்குக் கண்டிக்குத்தான் போகவேண்டும். அந்த நாளில் கண்டி வீதியில் போய்வருவது இலேசான காரியமில்லை. அவரோடு படகில் வேலை செய்த கிண்ணியா றஊப் ஒரு வான் வண்டியை ஒழுங்குபண்ணித் தானே ஓட்டிக்கொண்டு போனார். மூன்று தரம் போனார்கள். மூன்றாம் தரம் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கச் சொன்னார்கள். ஏலாத மனுசன் என்று றஊப் கெஞ்சிப் பார்த்தார். கேட்கவில்லை. வெடிக்கிற மாதிரி வீங்கியிருந்த காலோடு ஆனந்தராசா கொதிக்கிற தாரில் நடந்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் சரிந்தவர், “இனி நான் போகமாட்டன், றஊப்” என்றார். ஒருவராலும் அவரைத் திரும்ப ஏற்ற முடியவில்லை.

அதன் பிறகு மருந்தென்று இருந்தது தண்ணீர்க் கட்டுப்பாடு ஒன்றுதான். ஒரு நாளைக்கு மூன்று சின்னத் தம்ளர், தேத்தண்ணியும் அதற்குள் அடக்கம். உடம்பெல்லாம் நீர் கோத்து, முகம் பொதுமி, கண் மங்கிவிட்டது. நாக்கு மட்டும் வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பூரணி துணியை நனைத்து உதட்டைத் துடைத்துவிடுவாள். அவர் அந்தத் துணியைக் கடித்து உறிஞ்சப் பார்ப்பார். அவள் பறித்துவிடுவாள்.

சபையின் சார்பில் நோயாளிகளைப் பார்க்கப் போவது அப்போது என் பொறுப்பு. முதல் நாள் போனபோது, எல்லோருக்கும் வாசிக்கிற தொண்ணூற்றோராம் சங்கீதத்தையே வாசித்தேன். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை ஒன்றும் அணுகாது என்று சொல்கிற இடம் வந்தது.

“டீச்சர், நிப்பாட்டுங்கோ” என்றார்.

நிறுத்தினேன்.

“என்ர பிள்ளையை என்ர பக்கத்தில நிக்கேக்கதான் கொண்டுபோனவங்கள். உந்தக் கதையைக் கேட்க எனக்கு ஏலாது.”

எனக்குக் கோபம் வந்தது. வருடத்தில் இரண்டு நாள் கோயிலுக்கு வருகிறவர் வேதத்தை நிறுத்தச் சொல்கிறாரே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் போய் அதை வாசித்த என் மேலேயே அந்தக் கோபம் என்று அப்போதுதான் விளங்கியது. பிறகு மூன்று கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த மூன்று கிழமைக்குள் பூரணி அலுமாரியில் கிடந்த மாமனாருடைய பழைய வேதாகமத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள். எதையாவது வாசி என்று அவர் கேட்டிருக்கிறார். எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. தேவாரம்போல இருக்கிறதே என்று சங்கீதத்தின் முதலாம் பாட்டில் பிடித்து, ஒரு நாளைக்கு நான்கு ஐந்தாக வரிசையாகப் போயிருக்கிறாள். அவரும் பேசாமல் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அறுபத்தொன்பது வந்த அன்று, “பூரணி, திரும்ப வாசியும்” என்றாராம். அன்று மட்டும் ஏழு தரம் வாசித்தாளாம்.

நான் திரும்பப் போனபோது அவரே கதையைத் தொடங்கினார்.

“டீச்சர், இதை எழுதினவனுக்கும் தண்ணி கழுத்துமட்டும் வந்திருக்கு. சேத்துக்குள்ள கால் ஊண்ட இடமில்லை எண்டுறான். அதுக்குள்ள தொண்டையும் காய்ஞ்சுபோச்சாம். தண்ணிக்குள்ள தாழுறவனுக்கு எப்பிடித் தொண்டை காயும் எண்டு வேற ஆக்கள் கேப்பினம். எனக்குத் தெரியும்.”

“ஓம்” என்றேன்.

“மறைக்காமல் சொல்லியிருக்கிறான். அதையும் வெட்டாமல் உங்கட ஆக்கள் புத்தகத்துக்குள்ள விட்டு வைச்சிருக்கினம்” என்று சொல்லி அழத் தொடங்கினார். மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் அழுததே இல்லை என்று பூரணி பிறகு என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு தாகம் தாங்க முடியாத நேரங்களில், அடுத்த தம்ளருக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது, அவள் அதை மெதுவாக வாசிப்பாள். அவருடைய உதடும் கூடவே அசையும். தாகம் தீரவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டுக் கத்துவது நின்றது.

அந்தச் சங்கீதத்தின் பின்பாதியை நாங்கள் கோயிலில் வாசிப்பதில்லை. எதிரிகளின் கண் இருளட்டும், அவர்களுடைய வீடு பாழாகட்டும், உயிரோடிருப்பவர்களின் புத்தகத்திலிருந்து அவர்களுடைய பெயரை அழித்துவிடும் என்று கேட்கிற பகுதி அது. பூரணி அங்கே வந்ததும் குரலை உயர்த்தினாள்.

“பூரணி, அந்த இடத்தை விடலாம். சபையில நாங்கள் அதை வாசிக்கிறேல்லை” என்றேன்.

“ஏன் டீச்சர்? அச்சடிச்சுத்தானே கிடக்கு?”

ஆனந்தராசா கையை இலேசாக உயர்த்தினார். “விடுங்கோ டீச்சர். முன்பாதி என்ர. இது அவவின்ர.”

எனக்குப் பிள்ளையில்லை. அதனால் அவளை வாசிக்க விட்டேன். அன்று நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சித்திரை மாதம், வெயில் எரிந்த ஒரு மத்தியானம், வீடு வீடாகச் சோதிக்க வந்தார்கள். நான் அப்போது அவர் கட்டிலருகே கதிரையில் இருந்தேன். இரண்டு சிப்பாய்கள் அலுமாரியைக் கிளறினார்கள், கட்டிலுக்குக் கீழே துவக்குக் குழலை விட்டுப் பார்த்தார்கள். ஒருவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வத்துர” என்று தண்ணீர் கேட்டான். பூரணி அசையவில்லை.

“கொண்டுவந்து குடும், பூரணி” என்றார் ஆனந்தராசா.

அவள் குசினிக்குள் போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அண்ணாந்து முழுவதையும் குடித்தான். கொஞ்சம் கழுத்தால் வழிந்து நிலத்தில் சிந்தியது. ஆனந்தராசா கண்ணை வெட்டாமல் அவனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு தம்ளர்.

அடுத்த நாள் பூரணியிடம், “அவங்களுக்குத் தண்ணி குடுக்க உன்னால எப்பிடி ஏலுமாயிருந்தது?” என்று கேட்டேன்.

“தண்ணியும் குடுத்தனான். அவங்கள் போனபிறகு அந்தப் பின்பாதியையும் வாசிச்சு முடிச்சனான்” என்றாள்.

ஆனி மாதம் அவர் இறந்தார். நிம்மதியாகப் போனார் என்று பெட்டியருகே யாரோ சொன்னார்கள். அவர் போகும்போது நான் கட்டிலருகே இருந்தவள். நெஞ்சுக்குள் நீர் ஏறி, இரண்டு நாள் மூச்சுக்குப் போராடித்தான் போனார். இரண்டாம் நாள் அவருக்கு வாசிப்பது கேட்டதா என்று சொல்ல முடியாது. பூரணி நிறுத்தவில்லை. குரல் கம்மியபோது நான் வாங்கி வாசித்தேன், பின்பாதியையும் சேர்த்து. ஊரடங்குக்கு முன் அடக்கம் முடியவேண்டும் என்று அவசரப்பட்டார்கள். பெட்டியின் தலைமாட்டை றஊப் பிடித்தார்.

பூரணி தம்பலகாமத்துக்குத் தங்கையிடம் போய்விட்டாள். ஆனாலும் மாதம் ஒருமுறை பட்டணத்துக்கு வந்து, மகனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவாள். தொண்ணூற்றாறில் பஸ் நிலையத்தில் கண்டேன். மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தாள். தயாபரனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வை என்கிறார்களாம்.

“வைச்சனியோ?”

“இல்லை டீச்சர். எங்க, எப்ப, ஆர் செய்தது எண்டு அதில ஒண்டும் இல்லை. வெறுமையாக் கிடக்கிற கடுதாசியில நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?”

கண்டி வீதியால் தம்பலகாமம் போகிற பஸ் வந்தது. சனத்தை நெருக்கிக்கொண்டு ஏறிப் போனாள்.